ரஹ்மத்தின் நடை

டக்.

காய்ந்த முருங்கைக் கிளையை யாரோ ஒடித்தது போல ஒரு சத்தம். சாயங்கால அசர் தொழுகையில் ஐம்பது பேர் ஒருசேர நெற்றியைத் தரையில் வைத்திருந்த நேரம். அந்த அமைதியில் பள்ளிவாசலின் நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பியது அது. அல்லாஹு அக்பர் என்று இமாமின் தக்பீர் எழுந்தது. ஐம்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

கவுஸ் மட்டும் எழவில்லை.

எழ முடியவில்லை. மடக்கிய வலது முட்டி மடக்கியபடியே பூட்டிக்கொண்டது. நீட்டப் பார்த்தான். உள்ளே எதுவோ நடுவில் மாட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. வாயைத் திறந்தால் அலறல்தான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றியைத் தரையிலேயே வைத்துக்கொண்டான். இடப்பக்கம் ஒரு ஜோடிக் குதிகால், வலப்பக்கம் ஒரு ஜோடிக் குதிகால். ஹஜ்ஜுக்குப் போகப் போகிறவன், உருகிப்போய் சஜ்தாவிலேயே கிடக்கிறான் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

தொழுகையின் மீதி மூன்று ரக்அத்தும் அவன் அப்படியேதான் கிடந்தான். கிடந்த அந்த நேரத்தில் மூக்கில் கம்பளத்தின் வாசனை போய், சுட்ட மணலின் வாசனை ஏறியது. வெள்ளாற்று மணல். நெற்றியில் அது நறநறவென்று உறுத்துவது போலிருந்தது. கண்ணை மூடினால் ரஹ்மத்தின் முகம். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கியபோது முட்டிக்குள் ஏதோ நழுவி, கால் தானாக நீண்டது. வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். கவுஸ் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தான். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து மூன்று வருஷமாகிறது. காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்வார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“யாரு, ரஹ்மத்தா? எப்பப்பா ஊருக்கு வந்தே?”

 கவுஸ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற தெருவில் வெறுங்காலோடு நடந்தான்.

இது முதல் தடவை இல்லை. சார்ஜாவிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரோடு திரும்பி வந்த நாளிலிருந்தே அந்த முட்டி முனகிக்கொண்டிருந்தது. முதலில் படி இறங்கும்போது மட்டும். பிறகு துணிக்கடையில் நின்று வியாபாரம் பார்க்கும்போது. பிறகு நடையே மாறிவிட்டது. ஒரு எட்டு நீளம், ஒரு எட்டுக் குட்டை. நடுவில் சின்னதாக ஒரு இழுப்பு. கடைத்தெருவில் பின்னாலிருந்து பார்த்த இரண்டு பேர் ரஹ்மத் என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிய முகத்தைப் பார்த்து அசடு வழிந்திருக்கிறார்கள். சாயங்கால வெயிலில் தெருவில் நடந்தால் அவன் நிழல் அவனுக்கு முன்னால் போகும். அது கவுஸின் நிழல் இல்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பை ஊன்றிக்கொண்டு ஜும்ஆவுக்கு வந்த ஒருவனின் நிழல். அந்த நடையைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுவாரம் கவுஸ் விமானம் ஏறிவிட்டான். ரஹ்மத் அரியலூருக்குக் குடிபோய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டதோடு சரி.

வலி ஒரு பக்கம். இந்த நடை ஒரு பக்கம். வலிக்கு மாத்திரை இருக்கிறது.

மறுநாள் மனைவி ஃபஹ்மிதா அவனைப் பெரம்பலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். விமானத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் ஹஜ். நான்கு வருஷமாக மனு போட்டுக் கிடைத்தது. எலும்பு டாக்டர் பரணிதரன் முட்டியை மடக்கினார், நீட்டினார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், முட்டிக்குள்ள ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கும். உங்களுக்கு அது கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு நடுவுல போய் மாட்டுறப்பதான் கால் பூட்டிக்குது. ஆனா இது இப்பக் கிழிஞ்சதில்ல. ஓரமெல்லாம் மழுங்கிப்போயிருக்கு. எப்ப அடிபட்டுச்சு?”

அடியெல்லாம் எதுவும் பட்டதில்லை என்றான் கவுஸ்.

டாக்டர் விடவில்லை. பதினைந்து, இருபது வருஷம் பின்னால் போய் யோசிக்கச் சொன்னார். விளையாட்டில், வண்டியில், வேலையில். அந்த ஜவ்வில் பெரும்பகுதிக்கு ரத்த ஓட்டமே கிடையாது, தானாக ஒட்டாது, அப்போதே தைத்து, நாலைந்து மாதம் பயிற்சி செய்திருந்தால் முட்டி பெரும்பாலும் தப்பித்திருக்கும் என்றார். விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் வலி அடங்கிவிடும், ஆளும் மறந்துவிடுவான். ஆனால் மெத்தை போன இடத்தில் எலும்பின் வழவழப்பு கொஞ்சம் கொஞ்சமாக உரசித் தேயும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் சத்தமே வராது. நாற்பது வயதில் அறுபது வயது முட்டி வந்து நிற்கும்.

“அப்படி எதுவும் இல்லீங்க சார்,” என்றான் கவுஸ் மறுபடியும்.

ஃபஹ்மிதா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போதைக்கு ஊசியும் முட்டி உறையும் போதும், ஹஜ்ஜில் சக்கர நாற்காலி வைத்துக்கொள்ளலாம், திரும்பி வந்த பிறகு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் முடித்தார். அந்த அறையில் யாருக்கும் அது பெரிய விஷயமில்லை. கவுஸுக்கு மட்டும் அப்படி இல்லை. டாக்டர் ஜவ்வு என்றார், தேய்மானம் என்றார். அவன் மனசுக்குள் ஓடியது வேறு ஒரு சொல். பதுவா. வயிறெரிந்து ஒருத்தன் கொடுக்கும் சாபத்துக்கு அவன் ஊரில் அதுதான் பெயர். ரஹ்மத்தின் பதுவாதான் ரஹ்மத்தின் நடையாக வந்து தன் உடம்பில் குடியேறிவிட்டது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அன்றைக்கு நடந்தது அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்.

லெப்பைக்குடிக்காட்டில் பெருநாளன்று சாயங்காலம், காய்ந்து கிடக்கும் வெள்ளாற்றில் இரண்டு தெருப் பையன்களும் பந்து விளையாடுவது வழக்கம். கிழக்குத் தெருவுக்கு ரஹ்மத், மேற்குத் தெருவுக்கு கவுஸ். ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு சார்ஜாவில் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். கையில் ஒரே ஒரு விசா. இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பார்த்தார். படிப்பு ஒன்று, வயது ஒன்று, இருவர் வீட்டுக் கஷ்டமும் ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கிற வேலை, யாருக்குக் காலில் உறுதியோ அவன் வரட்டும், பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் முடிவு சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். கவுஸ் அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள், பெருநாள் சாயங்காலம், பந்து இருவருக்கும் நடுவில் உருண்டு வந்தது. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேரும் ஓடினார்கள். கவுஸ் பந்தைப் பார்க்கவில்லை. ரஹ்மத்தின் வலது முட்டியைப் பார்த்துக்கொண்டு ஓடினான். மோதி, மணல் கிளம்பி, இருவரும் உருண்டார்கள். ரஹ்மத் எழவில்லை. கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்று ஊரே சொன்னது. மூன்றாம் நாள் ஹாஜியார் வீட்டு வாசலில் கவுஸ் ஒருவன்தான் நின்றிருந்தான்.

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறை மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஊரின் பழக்கம் அது. மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதைத் தீர்க்காமல் ஹஜ்ஜில் அரபா மைதானத்தில் நின்று அழுதும் பயனில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் கவுஸ். இரண்டு வாரமாகத் தெருத் தெருவாகப் போனான். கடை வாடகைக்குச் சண்டை போட்டவர், பத்து வருஷமாகப் பேசாத சித்தப்பா மகன், பால்காரர், யாரையும் விடவில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை மொத்தமாக அனுப்பினான். பொருந்திக்கொண்டோம், எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்று முன்னூறு பதில் வந்து குவிந்தது. ரஹ்மத்தின் எண்ணில் மட்டும் செய்தியைப் படித்ததற்கான நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

பெரம்பலூரிலிருந்து திரும்பி வந்த அன்று, அவன் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபஹ்மிதா எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளும் எத்தனையோ நாளாக அந்தப் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“என்னங்க, பேசாத சித்தப்பா மவன் வூட்டுக்கே போனீங்க. அரியலூருக்கு மட்டும் வாட்ஸ்அப் போதுமா?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“நீங்க டாக்டர்கிட்ட சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியுது. எது பொய்யின்னுதான் தெரியல,” என்றாள். “கூட வரவா?”

வேண்டாம் என்றான். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு கிளம்பினான். குன்னத்தில் பஸ் மாறி உட்கார்ந்தபோது ஜன்னலோர சீட்டுதான் கிடைத்தது. முட்டி முன் சீட்டின் கம்பியில் இடித்தது. வெளியே பருத்தி எடுத்து முடித்த காடுகள் மொட்டையாகக் கிடந்தன. பஸ் குலுங்கும்போதெல்லாம் டாக்டரின் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. எப்ப அடிபட்டுச்சு?

அவன் அதை மறந்திருக்கவில்லை. புதைத்து வைத்திருந்தான்.

மணலில் உருண்டு எழுந்த அன்று அவன் முட்டியும் வீங்கியது. ராத்திரிக்குள் தேங்காய் அளவுக்கு ஆகிவிட்டது. வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஹாஜியார் முன்னால் ஒரு மணி நேரம் விறைப்பாக நின்றான். மெடிக்கல் செக்கப்பில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்து எழுந்தான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கால் உறுதிக்கு விசா வாங்கியவன், கால் போய்விட்டது என்று எப்படிச் சொல்வான்? போன இடத்திலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றான். ஆறு மாதத்தில் வலி அடங்கியது. அடங்கியதும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

ஆக, டாக்டர் சொன்னது சரி. ஜவ்வு அன்றைக்கே கிழிந்ததுதான். அப்படியானால் பதுவா இல்லையா? ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே வேறு மாதிரித் தோன்றியது. தப்புச் செய்த அன்றைக்கே தண்டனையும் எழுதப்பட்டுவிட்டது, கைக்கு வந்து சேர இருபத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அவன் முட்டியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். உள்ளே எதுவோ மெல்ல உரசியது.

அரியலூரில் கடைத்தெருவுக்குள் விசாரித்துப் போனான். ரஹ்மத்துக்கு சைக்கிள் கடை. புது சைக்கிள்கள் வாசலில் வரிசையாக நின்றன. கல்லாவில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண், தலையில் முக்காடு. பெயர் மர்வா, ரஹ்மத்தின் மகள் என்று தெரிந்தது. அத்தா இப்ப வந்துருவாங்க, உட்காருங்க என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். அவன் சொன்னதும், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அவளே திருப்பிக் கேட்டாள். அவள் பார்த்ததில்லையாம். அத்தா ஒரு தடவைகூடக் கூட்டிப் போனதில்லையாம்.

கவுஸ் காதைத் தெருவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிமெண்ட் லாரிகள் தடதடத்துப் போயின. அந்த இரைச்சலுக்கு நடுவே அவன் தேடியது ஒரு நடைச் சத்தத்தை. ஒரு எட்டு நீளம், ஒரு எட்டுக் குட்டை. இரண்டு வருஷமாகத் தன் உடம்பிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் அது, இப்போது அதன் சொந்தக்காரனிடமிருந்து வரப்போகிறது. அதைக் கேட்கும் தைரியம் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை.

அது வரவில்லை. மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஒரு ஆள் காலைத் தூக்கிப் போட்டுக் குதித்து இறங்கினான். ஒரே எட்டில் இரண்டு படி ஏறி உள்ளே வந்தான். நேராக. இழுப்பில்லாமல். இருபது வயதுப் பையன் மாதிரி.

செத்தவன் ஒருவன் எழுந்து நடந்து வந்தால் எப்படி இருக்கும்? கவுஸுக்கு அப்படித்தான் இருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முட்டி மடங்கி ஒரு பக்கம் சாய்ந்தான். ரஹ்மத் பாய்ந்து வந்து தோளைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

இரண்டு பேரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள்.  ரஹ்மத் மகளை டீ வாங்கி வர அனுப்பினான்.

“உன் கால் எப்படிடா…” என்றான் கவுஸ்.

ரஹ்மத் முட்டியைத் தட்டிக் காட்டினான். கம்பை ஊன்றிக்கொண்டு ஜும்ஆவுக்கு வந்ததற்கு மறுவாரமே அவன் மாமா திருச்சிக்குக் கூட்டிப்போய் ஜவ்வைத் தைக்க வைத்துவிட்டாராம். அங்கிருந்த டாக்டர், சும்மா விட்டால் நாற்பதில் நொண்டுவாய், சைக்கிள் மிதி என்றாராம். ஐந்து மாதம் அழுதுகொண்டே மிதித்தானாம். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. இப்போதும் விடிந்ததும் கல்லங்குறிச்சிவரை ஒரு மிதி மிதித்துவிட்டு வந்துதான் கடை திறக்கிறான். இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

கவுஸ் அதற்கு மேல் தாங்கவில்லை. இருபத்தொரு வருஷமாகத் தொண்டையில் நின்றதை மளமளவென்று கொட்டினான். பந்தைப் பார்க்கவில்லை என்றான். உன் முட்டியைத்தான் பார்த்தேன் என்றான். ஹாஜியார் சொன்ன வார்த்தை, தூங்காத அந்த இரவு, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கையைக் கூப்பவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

“நீ பொருந்திக்கலேன்னா என்னால போக முடியாது, மச்சான். போனாலும் அது ஹஜ்ஜா இருக்காது.”

ரஹ்மத் கோபப்படுவான், அடிப்பான், அழுவான் என்று என்னென்னவோ நினைத்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. ரஹ்மத் அவன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எந்திரிச்சு நட,” என்றான்.

கவுஸ் எழுந்து, சைக்கிள்களுக்கு நடுவே வாசல்வரை நடந்து திரும்பி வந்தான். நீளம், குட்டை, இழுப்பு. ரஹ்மத்தின் முகம் வெளுத்தது.

“எத்தனை நாளா இப்படி?”

இரண்டு வருஷமாக என்றான் கவுஸ். ஆனால் அடி அன்றைக்கே பட்டதையும், மறைத்து வைத்ததையும், டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். பையிலிருந்த ஸ்கேன் படத்தை ரஹ்மத் வாங்கிக்கொண்டான். தெருவெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கிழிசல் எந்தப் பக்கம் என்று கேட்டான். உள்பக்கமா, வெளிப்பக்கமா? உள்பக்கம் என்றான் கவுஸ். ரஹ்மத் தலையை ஆட்டினான். அந்தப் பதில் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது. 

டீ வாங்கிக்கொண்டு வந்த மர்வா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். கிளாஸ்களைக் கல்லாமேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய் நின்றாள்.

“நான் பொருந்திக்கிட்டேன், கவுஸு. அது ஒண்ணுமில்ல,” என்றான் ரஹ்மத். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீ அனுப்புனதுக்குப் பதில் போடாம இருந்தது கோவத்துல இல்ல. நான் உன்கிட்ட முதல்ல கேக்கணும். கேக்குறதுக்கு வாய் வரல.”

“என்கிட்ட என்னடா கேக்கணும்?”

ரஹ்மத் படத்தை மடியில் வைத்தான். அதிலிருந்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவினான். விரல் அங்கேயே நின்றது.

“அன்னிக்கி நானும் பந்தப் பாத்து ஓடியாரல, மச்சான், ஒன் முட்டியத்தான் பாத்து வந்தேன்… என் அடி ஒம்மேல படலன்னுல்ல இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”